பச்சை பெல்ட்

அந்தச் சின்னதைத் தேர்ந்தெடுத்தவள் ரத்தினம்மாதான். பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். துரைமார் கொடுத்த இடம் மண்டோர் வேலாயுதத்துக்குத் தலைக்கேறிவிட்டது என்றார்கள். ஏழரைச் சனி என்றார்கள். பயந்தாங்கொள்ளி கையில் துப்பாக்கி கிடைத்தால் இப்படித்தான் என்றார்கள். வாய் இருக்கிறவன் பேசத்தான் செய்வான். ஆனால் கடை மேஜையில் மூன்று துப்பாக்கிகளைப் பரப்பி வைத்தபோது, புடவைக் கடையில் முந்தானையைத் தடவிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இது போதும் என்று விரல் நீட்டியவள் அவள். அது அவளுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் தெரியும்.

காலாங் ஆற்றோரத்து ரப்பர் ஆலையில் வேலாயுதம் மண்டோர். நாற்பது ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, வேலை வாங்கி, துரைக்குக் கணக்குச் சொல்கிற ஆள். ஆலைக்குள் நுழைந்து வெளியே வந்தால் புளித்த ரப்பர் நாற்றம் மூன்று சோப்புக்கும் போகாது. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை தடுத்த இரண்டு அறையில் குடித்தனம். புருஷன், பெண்டாட்டி, பதினோரு வயசு மகள் கண்மணி. வேலாயுதத்தின் சட்டைகளை ரத்தினம்மா தனியாகத்தான் ஊற வைப்பாள். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், மண்டோர் வேலையில் இருபது வருஷம் இருந்தவரிடம் அந்தக் கேள்வி கேட்கக்கூடாது. அடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டும் ஓடியிருக்கிறார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஊரெல்லாம் வேலைநிறுத்தம். அந்த ஆலையும் பதினெட்டு நாள் மூடிக் கிடந்தது. திறந்த அன்றைக்குத் துரை வேலாயுதத்தைக் கூப்பிட்டு, யார் யார் தூண்டிவிட்டது, பேர் சொல் என்றார். வேலாயுதம் ஏழு பேர் சொன்னார். சொல்லாவிட்டால் எட்டாவது பேர் தன்னுடையதாக இருந்திருக்கும் என்று ரத்தினம்மாவிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ஏழில் ஐந்தாவது பேர் மருதப்பன்.

மருதப்பன் கப்பலை விட்டு இறங்கும்போது அவனுக்குப் பத்தொன்பது வயசு, கையில் ஒரு தகரப்பெட்டி. அவனை ஆலையில் சேர்த்துவிட்டவர் வேலாயுதம். இரண்டு வருஷம் அவனுக்கு ரத்தினம்மா கையால்தான் சோறு. நெத்திலிக் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அவளை அக்கா என்பான். அவரை அய்யா என்பான். வேலை போன அன்று மற்ற ஆறு பேரும் ஆலை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள். மருதப்பன் மட்டும், "அய்யா, நீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனான். வேலாயுதத்துக்கு அந்த ஆறு பேரின் சாபத்தைவிட இந்த ஒரு வார்த்தைதான் தூக்கத்தைக் கெடுத்தது. சத்தம் போடாதவன்தான் செய்வான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாசம் கதவுக்கடியில் ஒரு கடுதாசி வந்தது. சிவப்பு மசி. கண் இரண்டும் போகும் என்று கோணல் கோணலாக எழுதியிருந்தது. அதே வாரம் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஆலையில் ஒரு சீனக் கங்காணி முகத்தில் யாரோ ஆசிட்டை வீசிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டான். வேலாயுதம் கடுதாசியைத் துரையிடம் காட்டினார். துரை போலீசுக்கு எழுதி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். துப்பாக்கியை மட்டும் நீயே பார்த்து வாங்கிக்கொள் என்றார்.

கடை ராபிள்ஸ் பிளேஸுக்குப் பின்னால் இருந்தது. தனியாகப் போக வேலாயுதத்துக்குக் கூச்சம். வீட்டுக்கு எது வாங்கினாலும், அம்மிக்கல் ஆனாலும் அலாரம் கடிகாரம் ஆனாலும், ரத்தினம்மா பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கும் கூட்டிக்கொண்டு போனார். அவள் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். வெள்ளைக்காரன் கடை; தமிழ் பேச அலெக்சாண்டர் என்று ஒரு கிளார்க் இருந்தார், கழுத்தில் சின்னச் சிலுவை, நிதானமான மனுஷர். அவர் ஒரு பெரிய ரிவால்வரையும், நடுத்தரமாக ஒன்றையும், உள்ளங்கைக்குள் மூடினால் மறைந்துவிடுகிற ஒரு சின்னப் பிஸ்டலையும் துணியில் துடைத்து வைத்தார்.

"அண்ணே, என்னைக் கேட்டா பெரிசை எடுங்க. உறையில போட்டு வெளியில தெரியற மாதிரி மாட்டுங்க. பாக்கிறவன் பத்தடி தள்ளியே போவான். கடைசிவரைக்கும் நீங்க சுடவே வேண்டியிருக்காது."

வேலாயுதம் சின்னதைக் காட்டி, இது எப்படி என்று கேட்டார்.

"கை எட்டற தூரத்துக்குத்தான் ஆகும். ஆளு ரொம்பக் கிட்ட வந்த பிறகு. ஆனா ஒண்ணு, அது உங்ககிட்ட இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

அலெக்சாண்டர் அதைக் குறையாகத்தான் சொன்னார். ரத்தினம்மா காதில் அது நிறையாக விழுந்தது. அவள் புருஷனை ஓரமாக இழுத்து, "இதையே எடுங்க. பெரிசை மாட்டிக்கிட்டு தேக்கா பசார்ல நடந்தீங்கன்னா, சோறு போட்டு வளத்த பசங்களுக்கே பயந்து மண்டோர் துப்பாக்கியோட அலையறாருன்னு பேசுவாங்க. எனக்கு அந்தப் பேச்சு வேணாம். இது உங்க பெல்ட்டுக்குள்ள அடங்கிரும்" என்றாள்.

வேட்டிக்கு மேல் வேலாயுதம் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் அது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் பாதிப்பேர் இடுப்பில் அது இருக்கும். முன்பக்கம் பொத்தான் வைத்த இரண்டு பை. வலப்பக்கத்துப் பையில் சில்லறை கிடக்கும். சாயங்காலம் அப்பா படியேறும் சத்தம் கேட்டதும் கண்மணி ஓடிவந்து, பொத்தானை அவளே திறந்து ஐந்து காசு எடுத்துக்கொள்வாள். பிஸ்டல் அந்தப் பைக்குத்தான் சரியாக அமைந்தது. முதல் நாள் கண்மணி வழக்கம்போல் ஓடிவந்து கை வைத்தபோது, வேலாயுதம் அவள் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் பிள்ளை சுவரில் போய் இடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் ஓடிவருவதில்லை. ஐந்து காசை மேஜையில் வைப்பார். அவர் நகர்ந்த பிறகு எடுத்துக்கொள்வாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். வேலாயுதத்துக்குப் பயம் முன்னாலேயே இருந்தது. கனம் வந்த பிறகு அது இரண்டு மடங்காயிற்று. துரை அவரை ஆலைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்துச் சுடச் சொன்னாராம். ஆறு குண்டில் ஒன்று பட்டது. காப்பிக்கடையில் சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்கார்ந்தார். முடிவெட்டுகிறவனைப் பின்னால் நிற்கவிடமாட்டேன் என்று இரண்டு மாசம் முடி வெட்டவில்லை. ராத்திரி பிஸ்டலைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார், ரத்தினம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி டின்னுக்குள் வைத்தார். சோற்றில் எண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று கண்மணி பாதித் தட்டோடு எழுந்துபோனாள். ரத்தினம்மா ஒன்றும் தெரியாதவள்போல் அதையே பிசைந்து சாப்பிட்டாள்.

பக்கத்து அறை ஹலீமாவுக்கு மட்டும் ஏதோ சந்தேகம். மண்டோர் ஏன் படியில் நின்று நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார் என்று கேட்டாள். ஆலைத் தகராறுதான், வேறென்ன என்றாள் ரத்தினம்மா. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த ஆளை நாலு நாள் லீவு போட்டுத் தூங்கச் சொல்லு லா" என்று ஹலீமா சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம்கூட ரத்தினம்மா துப்பாக்கி விஷயத்தை மூச்சுவிடவில்லை.

டிசம்பர் மாசம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கண்மணி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். படியில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் மருதப்பன். நனைந்த சட்டை, கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு தாம்பாளம். ஏழு மாசத்தில் கறுத்து இளைத்திருந்தான்.

ரத்தினம்மாவுக்கு முதலில் நெஞ்சு பக்கென்றது. உடனே, அந்த நெஞ்சின்மேலேயே கோபம் வந்தது. யாரைப் பார்த்து யார் பயப்படுகிறது? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். மத்தியானச் சோறு மீதி இருந்தது, போட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். கிராஞ்சிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுக்கிறானாம். அங்கேயே வேலை செய்கிற ஒருவர், தங்கம் என்ற தன் மகளைக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறாராம். தை மாசம் கல்யாணம்.

"முதல் வெத்தலை பாக்கு உங்க ரெண்டு பேருக்கும்தான் அக்கா. எனக்கு இந்த ஊர்ல வேற யாரு? அய்யா அன்னைக்கு என் பேரைச் சொல்லாம இருந்தா அவரு வேலை போயிருக்கும். யோசிச்சுப் பாத்தா புரியுது. அப்பப் புரியல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அய்யா ஐந்து மணிக்கு வந்துவிடுவார், இங்கேயே இரு, பேசிக்கொள்ளலாம் என்றாள். மருதப்பன் தலையை ஆட்டினான்.

"இல்லக்கா. நான் மேல உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா அப்படியே திரும்பிப் போயிருவாரு. எனக்கும் மூஞ்சியப் பாத்து முதல் வார்த்தை வராது. கீழ கடை வாசல் நடைபாதையில, அஞ்சடியில, தூணுக்குப் பின்னாடி நிக்கிறேன். வந்ததும் கால்ல விழுந்துருவேன். விழுந்தவனை எந்திரிடான்னு சொல்லித்தானே ஆகணும்? அந்த எந்திரிடா போதும்."

பேச்சு முறிந்தவர்கள் நம் பக்கத்தில் இப்படித்தான் சேர்வார்கள். வாய் வராத இடத்தில் கால். ரத்தினம்மாவுக்கு அது சரி என்று பட்டது. அப்போதே பெல்ட்டும் ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது, வரவில்லை என்று அவள் தனக்குள்கூடப் பொய் சொல்லிக்கொண்டதில்லை. "மருதா" என்று கூப்பிட்டாள். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவன் திரும்பிப் பார்த்தான்.

என்ன சொல்வது? உனக்குப் பயந்துதான் உங்க அய்யா இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்றா? கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு கொண்டுவந்தவனிடம், அவள் சோற்றைத் தின்ற வாய் ஈரம் காயாதவனிடம், அதைச் சொல்லும் நாக்கு அவளுக்கு இல்லை. சொன்னால் அவன் இந்தப் படியை மறுபடி மிதிப்பானா? "பாத்து இறங்கு, படி வழுக்கும்" என்றாள். அவன் சிரித்துவிட்டு இறங்கினான்.

அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். மூன்று டம்ளர் எடுத்துக் கழுவினாள். ஐந்து மணி தாண்டி, கீழே குடையை உதறும் சத்தம் கேட்டது. வேலாயுதம் எப்போதும் மூன்று உதறு உதறுவார். இரண்டுதான் கேட்டது. அப்புறம் பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். லாரி டயர் என்றுதான் கீழே காப்பிக்கடைக்காரர் நினைத்தாராம். ரத்தினம்மாவுக்கு நினைக்க ஒன்றுமில்லை. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அஞ்சடியில் தாம்பாளம் கவிழ்ந்து கிடந்தது. வெற்றிலையும் கற்கண்டும் மஞ்சளும் மழைத்தண்ணீரில் ஊறின. மருதப்பன் குப்புறக் கிடந்தான். அவனுடைய இடது கை இன்னும் வேலாயுதத்தின் கணுக்காலைப் பிடித்திருந்தது. வலது தோளுக்குப் பின்னால் சட்டையில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. வேலாயுதம் கையில் அதை வைத்துக்கொண்டு, காலை இழுக்கவும் தெரியாமல், "என் காலைப் பிடிச்சான். பின்னாடியிருந்து வந்து காலைப் பிடிச்சான்" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

மருதப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"அக்கா, நான் மருதப்பன்னு அய்யாகிட்ட சொல்லுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். குண்டு சின்னதாம், பெரியதாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக யாரோ ஆறுதல் சொன்னார்கள். பெரியதாக இருந்தால் அது வெளியில் தொங்கியிருக்கும், அவன் பார்த்திருப்பான், தள்ளி நின்று அய்யா என்று கூப்பிட்டுவிட்டு வந்திருப்பான் என்று ரத்தினம்மா யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் வந்தபோது மருதப்பன், தப்பு என்னுடையதுதான், சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து விழுந்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தான். புகார் இல்லை என்றான். மாடிக்கு வந்து சாப்பிட்டதை அவன் சொல்லவில்லை. வார்டில் அவள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது, "நான் மேல வந்ததை நீங்களும் சொல்லாதீங்கக்கா. குடும்பத்துக்குள்ள எதுக்கு" என்று மெதுவாகச் சொன்னான். அவள் சுளைகளை அவன் வாயில் ஒவ்வொன்றாக வைத்தாள். அவன் வலது கை போர்வைமேல் கிடந்தபடி கிடந்தது.

கேஸ் அபராதத்தோடு முடிந்தது. லைசென்ஸும் பிஸ்டலும் போய்விட்டன. விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சிவப்பு மசிக் கடுதாசி ஆற்றோரத்து ஆலைகளில் இருக்கிற எல்லா மண்டோருக்கும் வந்திருக்கிறது, எட்டுப் பேருக்கு, ஒரே கையெழுத்தில். மற்ற ஏழு பேரும் கிழித்துப் போட்டிருந்தார்கள். ஆலையில் வேலாயுதத்தை யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. அவர் நடந்தால் நாற்பது பேரும் மூன்று கஜம் தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். தை பிறந்ததும் அவரே வேலையை விட்டுவிட்டார். பச்சை பெல்ட்டை ஆணியில் மாட்டினார். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவி நழுவி, கையால் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தார்.

தங்கத்தின் அப்பா, கை விளங்கட்டும் பார்க்கலாம் என்று சொல்லி ஒரு மாசம் பார்த்தார். பால்மரம் வெட்ட இரண்டு கையும் வேண்டும். பிறகு பெண்ணை ஜொகூரில் கொடுத்துவிட்டார். தோட்டத்துக்காரர் இரக்கப்பட்டு மருதப்பனை ஸ்டோருக்குக் காவல் வைத்தார். இதெல்லாம் காற்றுவாக்கில் டன்லப் ஸ்ட்ரீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலாயுதம் குளித்து விபூதி பூசிக்கொண்டு, கிளம்பு என்றார். எங்கே என்று ரத்தினம்மா கேட்கவில்லை. வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு சட்டைத் துணி, ஒரு தூக்கில் நெத்திலிக் குழம்பு. ஜொகூர் போகிற பஸ்ஸில் ஏறிக் கிராஞ்சியில் இறங்கி, செம்மண் பாதையில் ஒன்றரை மைல் நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதையில் ஒரு இடத்தில் வேலாயுதம் நின்று, "அவன் என்ன சொன்னாலும் வாங்கிக்கணும். அடிச்சாலும் வாங்கிக்கணும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. மருதப்பன் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அய்யா, வாங்கக்கா, வெயில்ல ஏன் நடந்து வந்தீங்க" என்றான். முகத்தில் வெறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. இருந்திருந்தால் ரத்தினம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வேலாயுதத்துக்கும் முதல் வார்த்தை வரவில்லை. நேராக அவன் முன்னால் போனார். நழுவிய வேட்டியை இடுப்பில் ஒரு கையால் பிடித்தபடி, சட்டென்று அவன் காலை நோக்கிக் குனிந்தார்.

மருதப்பன் அலறிவிட்டான். பெஞ்சு உருண்டது. நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு, பின்னாலேயே போய்த் தகரச் சுவரில் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "வேணாம் அய்யா, வேணாம் அய்யா" என்றான். தலை குனிந்த வேலாயுதம் குனிந்தபடியே நின்றார். அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் எந்தக் காலும் இல்லை.

ரத்தினம்மாதான் அவனைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "என்னமோ உடம்பு தானா இப்படிப் பண்ணுதுக்கா, மனசுல ஒண்ணும் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இடது கையால் அடுப்பை மூட்டி, இடது கையால் காப்பி ஆற்றிக் கொடுத்தான். பாதி தரையில் சிந்தியது. மூன்று பேரும் குடித்தார்கள். நெத்திலிக் குழம்பை ராத்திரி சாப்பிடுகிறேன் என்று வாங்கி, ஒரு சட்டியில் ஊற்றி உள்ளே வைத்துக்கொண்டான். வழியனுப்ப ரோடு வரைக்கும் வந்தான், வேலாயுதத்துக்கு நாலு அடி தள்ளியே.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. வேலாயுதம் ஜன்னலோரம், ரத்தினம்மா பக்கத்தில். புக்கித் தீமா வந்ததும் அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். கீழே காப்பிக்கடைக்காரன் சொல்லியிருக்கலாம். அவன் எவ்வளவு நேரம் நின்னானோ. ஒரு வார்த்தை."

அவள் காலித் தூக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாசமாகத் தொண்டையில் நின்றது அது. இனி அதை விழுங்க அவளால் முடியாது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அவன் மேல வந்தான். என் கையால சாப்பிட்டுட்டுத்தான் கீழ போனான். உங்ககிட்ட என்ன இருக்குன்னு சொல்ல வாயெடுத்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் வந்து டிக்கெட்டைக் கேட்டபோது இரண்டையும் அவரே எடுத்துக் காட்டினார். கண்டக்டர் போன பிறகு, வேட்டியை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி, ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.